துடைப்பம் நினைவில் நிற்கிறது, தந்தை நிற்பதில்லை: நடுநிலை வகுப்புகளுக்கு எந்த நூல்களைத் தேர்வது?

சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள செல்லிப்பட்டை வெளியூரார் அதன் படுகை அணையால் அறிவார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு, 2021 நவம்பர் வெள்ளத்தில் சேதமடைந்த அணை அது. அங்கே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தோழர்கள், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு பணியைத் தந்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வாங்க வேண்டும். சாதி, சமத்துவம், அடையாளம் பற்றிப் பேசும் நூல்களாக அவை இருக்க வேண்டும். பட்டியலை வழக்கறிஞர்களாகிய நீங்கள் தயாரித்துத் தாருங்கள் என்றார்கள். எளிய வேலை என்று எண்ணியே ஒப்புக்கொண்டோம்.

பிள்ளைகளோடு பேசத் தொடங்கியதும் அந்த எண்ணம் கலைந்தது. சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தியிடம், சாதியைப் பற்றிப் பள்ளியில் ஏதாவது பாடம் வந்திருக்கிறதா என்று கேட்டோம். "வந்துச்சுக்கா. ஒரு பையன ஸ்கூல பெருக்கச் சொல்லுவாங்க. அந்தப் பாடம் நடத்தும்போது எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் குறிப்பிட்டது இந்தி எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறான 'ஜூட்டன்' நூலிலிருந்து எடுத்த பகுதி. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஏழாம் வகுப்பு 'சமூக, அரசியல் வாழ்வு' நூலில், சமத்துவம் பற்றிய முதல் பாடத்திலேயே அது இடம்பெற்றிருந்தது. தலைமையாசிரியர் சிறுவன் வால்மீகியை வகுப்பில் உட்காரவிடாமல் பள்ளியையும் விளையாட்டுத் திடலையும் பெருக்க வைக்கிறார். அவ்வழியே வரும் தந்தை அதைக் கண்டு கொதிக்கிறார், தலைமையாசிரியரை எதிர்கொள்கிறார், என் மகன் இதே பள்ளியில்தான் படிப்பான், இவனுக்குப் பின்னால் இன்னும் பலர் வருவார்கள் என்ற பொருள்பட அறிவித்துவிட்டு மகனின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார்.

அந்த மாணவிக்குத் துடைப்பம் நினைவிருந்தது. தந்தை நினைவில் இல்லை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. பாதியோடு மணி அடித்துவிட்டது. மறுநாள் கேட்ட வினாவோ, அந்தச் சிறுவன் என்ன செய்ய வைக்கப்பட்டான் என்பதுதான். நூல் தவறான நூலன்று, பாடமும் நல்ல பாடமே. ஆனாலும் முப்பது பேர் அமர்ந்திருந்த வகுப்பறையில் அதன் முழு எடையும் ஒரு சிறுமியின் தோளில் இறங்கியது. நடுநிலை வகுப்புகளுக்கு நூல் தேர்வது குறித்து நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பாடநூல் மாறியபோது போனது என்ன

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகளில் முன்பே நுழைந்திருந்த சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு மேலும் விரிவாக்கப்பட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் தில்லியில் அமரும் குழுக்களே முடிவு செய்யும் நிலை இப்படித்தான் வந்தது.

அதற்கு மறு ஆண்டே, 2024இல், என்.சி.இ.ஆர்.டி. புதிய ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலை வெளியிட்டது. பழைய நூலில் 'பன்மையும் பாகுபாடும்' பற்றித் தனிப் பாடம் இருந்தது. சிறுவன் பீம்ராவ் 1901இல் தன் தந்தையைக் காண கோரேகாவுக்குப் புறப்பட்ட பயணம் அதில் சொல்லப்பட்டிருந்தது. இரயில் நிலையத்தில் அந்தச் சிறுவர்களின் சாதி தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தது, இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டியிருந்தது, வழியில் தண்ணீர் கிடைக்காதது என அந்நிகழ்வு பதினொரு வயதுப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. புதிய நூலில் அந்தப் பாடம் இல்லை. வேற்றுமையில் ஒற்றுமை இருக்கிறது. அந்த வேற்றுமையை ஏற்றத்தாழ்வாக்கிய வரலாறு இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்பு நூல்களும் 2025இல் மாற்றப்பட்டன.

பல்கலைக்கழகங்களிலும் இதுவே நடக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும், நம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும் 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டன. கல்லூரி மாணவர்களுக்கே ஆகாது என்று சொல்லப்பட்ட எழுத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குத் தானாக வந்து சேராது.

நீக்கம் கேட்ட கைகளில் நம் கையும் உண்டு

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இருந்த, 1949இல் சங்கர் வரைந்த அம்பேத்கர் கேலிச்சித்திரத்தை 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் தொல். திருமாவளவன். அரசு அந்தச் சித்திரத்தை விலக்கிக்கொள்ள முன்வந்தது. நூலின் தலைமை ஆலோசகர்களான சுகாஸ் பல்சிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். கருத்துரிமை பேசியவர்கள் பலர் அந்த எதிர்ப்பை இகழ்ந்தார்கள். அண்ணலின் மீது சாட்டை ஓங்கப்படும் சித்திரத்தைத் தன் சக மாணவர்கள் பார்த்துச் சிரிக்கையில், அவர் படம் மாட்டிய வீட்டிலிருந்து வந்த பிள்ளை எங்கே முகத்தை வைத்துக்கொள்ளும் என்று அவர்களில் அநேகர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் 'சாதி மோதலும் உடை மாற்றமும்' என்ற பகுதி இருந்தது. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடியதை அது விவரித்தது. தங்கள் சமூகத்தைப் பற்றிய சித்திரிப்பு இழிவானது, பிழையானது என்று நாடார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. விடுத்த சுற்றறிக்கை அந்தப் பகுதியைப் பாடத்திலிருந்தும் தேர்விலிருந்தும் விலக்கியது. 2019இல் உடையின் சமூக வரலாறு பற்றிய அந்தப் பாடம் முழுவதுமே நூலிலிருந்து கழிந்தது.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எங்களுக்குப் புலப்படுவது இதுதான். தன்மானம் புண்படுகிறது என்ற முறையீடு உண்மையானது. அதற்கு அரசு தரும் ஒரே மருந்து நீக்கம். திருத்தி எழுதலாம், பாதிக்கப்பட்ட மக்களின் குரலையே சேர்க்கலாம், ஆசிரியருக்குப் பயிற்சி தரலாம். இவை உழைப்பு கேட்பவை. நீக்கம் ஒரு சுற்றறிக்கையோடு முடிந்துவிடும். இன்று நாம் கேட்டு ஒன்றை நீக்குகிறவர்கள், நாளை நாம் கேளாமலே நம் வரலாற்றை நீக்குகிறார்கள். ஆகவே இனி நம் முறையீடுகள் 'எடுத்துவிடுங்கள்' என்பதோடு நிற்கலாகாது. 'இதற்கு மாற்றாக இதை வையுங்கள்' என்று நூலின் பெயரையும் பக்கத்தையும் சொல்லும் முறையீடுகளாக அவை மாற வேண்டும்.

கண்ணாடியும் சன்னலும்

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1962 முதல் 1964 வரை அங்கு வெளியான 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினப் பாத்திரம் ஒன்றேனும் இடம்பெற்ற நூல்கள் அவற்றில் 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கறுப்பினப் பேராசிரியர் ருடைன் சிம்ஸ் பிஷப் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும், அந்த வாழ்வுக்குள் கற்பனையால் நுழையவிடும் கதவாகவும் நூல் இருக்க வேண்டும் என்றார்.

நம் வகுப்பறைக்கு இதைப் பொருத்தும்போது கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சேரியிலிருந்து வரும் பிள்ளையும் ஊரிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். ஒருவருக்குச் சன்னலாக இருக்கும் அதே பக்கம் இன்னொருவரை எல்லோர் முன்னும் நிறுத்தும் மேடையாகிவிடலாம். உதவித்தொகைப் படிவம் நிரப்புவதற்காக 'எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியாத பள்ளிகளில், யார் யார் எந்தத் தெரு என்பது ஏற்கெனவே அனைவருக்கும் தெரியும். அங்கே இழிவை மட்டும் காட்டும் பாடம் முகம் காட்டும் கண்ணாடியாக இருப்பதில்லை. விரல் நீட்டுவதாகவே முடிகிறது.

இதனால்தான் சில நல்ல ஆசிரியர்களும் 'இந்தப் பேச்சே வேண்டாம், பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கட்டும்' என்கிறார்கள். அந்தக் கருணையை நாங்கள் ஐயுறவில்லை. அதன் விளைவைத்தான் ஐயுறுகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் தன் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டிய மாணவர்களுக்குச் சாதியை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. பள்ளி பேச மறுத்ததை வீடும் தெருவும் கையில் கட்டிய கயிறும் கற்பித்தன. அதன் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் ஆகியவற்றோடு, பாடத்திட்டத்தைச் சமூகநீதி நோக்கில் சீராய வேண்டும் என்பதையும் பரிந்துரைத்தது. செல்லிப்பட்டிலிருந்து விழுப்புரம் மாவட்ட எல்லை சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அறிக்கை புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது.

எதைக் கொண்டு தேர்வது

பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசிய பின் எங்கள் பட்டியலை நாங்களே கலைத்தோம். ஒவ்வொரு நூலையும் நான்கு வினாக்களுக்கு உட்படுத்தினோம்.

முதல் வினா: இந்த நூலில் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதோடு நூல் முடிந்துவிட்டால் அது தனியாக அலமாரிக்குப் போகக் கூடாது. பாமாவின் 'கிசும்புக்காரன்' (1996) தொகுப்பில் உள்ள 'அண்ணாச்சி' கதையில் ஓர் இளைஞன் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவரை 'அண்ணாச்சி' என்று அழைத்துவிடுகிறான். ஊரே கூடிப் பஞ்சாயத்து வைக்கும் அளவுக்கு அந்த ஒரு சொல் கலகமாகிறது. அந்தக் கதையைப் படிக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டே முறை வைத்து அழைப்பதன் அரசியலைப் புரிந்துகொள்கிறது. அங்கே எவரும் திரும்பித் தலித் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்; பார்த்தால் வியப்போடு பார்ப்பார்கள்.

இரண்டாம் வினா: யார் சொல்கிறார்கள்? பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் உலகத்தை நுணுக்கமாகக் காட்டும் நாவல். தலித் அல்லாதவர் எழுதியது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அலமாரியில் அத்தகைய நூல்கள் மட்டுமே இருந்தால், நம் வாழ்வைச் சொல்லும் உரிமை பிறருக்கே என்ற பாடத்தை அலமாரி தானாகக் கற்பித்துவிடும். சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்னும் மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரம் குறித்து 1855இலேயே மராத்தியில் கட்டுரை எழுதி அச்சேற்றினாள். அப்போது அவளுக்கு வயது ஏறத்தாழ பதினான்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது! அவளைப் பற்றிச் சொன்னபோது செல்லிப்பட்டுப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "அவங்க எழுதுனத நாங்க படிக்க முடியுமா?" என்பது.

மூன்றாம் வினா: வயதுக்கு ஏற்றதா? நம் தலித் இலக்கியத்தின் சிறந்த நாவல்கள் பலவற்றில் பாலியல் வன்முறை உண்டு. அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பெயர் பெற்ற நூல் என்பதற்காகப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் தருவது பொறுப்பன்று. அம்பேத்கரின் இளமை அனுபவங்களைப் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோரின் சித்திரங்களோடு சொல்லும் 'பீமாயணம்' (2011) இந்த வயதுக்குப் பொருந்துவது. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று அது பிரிக்கப்பட்டிருப்பதால், பாடநூலிலிருந்து போன கோரேகாவ் பயணத்தை இதன்வழி வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். உழைக்கும் மக்களின் அறிவைப் பற்றிக் காஞ்சா அய்லய்யா சிறுவர்களுக்காக எழுதிய நூலும் (2007) ஐதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம் 2008இல் கொண்டுவந்த விளிம்புநிலைச் சிறுவர் கதை வரிசையும் தமிழ்ப் பதிப்பாளர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டிய முன்னோடிகள்.

நான்காம் வினா: நம் மண் எங்கே? சாதிக் கொடுமை என்றால் வடக்கில், மராட்டியத்தில் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஆகியோர் தமிழில் எழுதியவர்கள். புதுச்சேரிக்கென்றே ஒரு வரலாறும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் தம் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அப்படித் துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார்கள். கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் இந்த வழியைப் பெரிதும் நாடினார்கள். அந்தச் சட்டம் சாதியை ஒழித்துவிடவில்லை. ஆயினும் பிறப்பு தந்த அடையாளத்தை ஒரு கையெழுத்தால் மறுக்க முயன்ற மனிதர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தார்கள். 'அடையாளம்' பற்றிப் புதுச்சேரிப் பிள்ளைகளோடு பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் ஏது? இதைச் சிறுவர் நூலாக எழுதுவது நம் எழுத்தாளர்கள்முன் உள்ள பணி.

சட்டம் நம் கையில் தருவது

நூல் தேர்வு ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது மட்டும் அன்று. அதற்குச் சட்டத்தின் அடித்தளம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பொருந்துவது. அதன் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் அரசமைப்பின் விழுமியங்களுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும், பிள்ளையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு அந்த விழுமியங்களில் ஒன்று. ஆகவே தீண்டாமையைப் பற்றிக் கற்பிப்பதும், கற்பிக்கும்போது தலித் பிள்ளையை அச்சத்துக்கு ஆளாக்காமல் இருப்பதும் ஆகிய இரண்டு கடமைகளையும் ஒரே பிரிவு பள்ளியின் மீது சுமத்துகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்க முடியாது. நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின் கடமை என்று 8ஆம் பிரிவு தனியே கூறுகிறது.

அதே சட்டத்தின் இணைப்புப் பட்டியல், ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களும் இதழ்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகங்களுக்குப் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை மானியம் உண்டு. அந்தப் பணத்தில் வாங்கியவை எவை? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கல்லூரி மாணவர்களே இதைச் செய்யலாம். நூல்களின் பட்டியல், விலை, வாங்கிய நாள், அவை இப்போது பூட்டிய பீரோவில் இருக்கின்றனவா, பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட பதிவேடு உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு இன்னொரு வாயில். 21ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். மானியம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. புதுச்சேரியின் 30 சட்டமன்றத் தொகுதிகளில் 5 தனித் தொகுதிகள். அவற்றில் திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகிய நான்கும் புதுச்சேரிப் பகுதியின் கிராமப்புறத்தில் உள்ளன. இத்தனை பிரதிநிதித்துவம் உள்ள மண்ணில், பள்ளிக் குழுக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டுமே நம் தாய்மார்கள் அழைக்கப்படுவதை இனி ஏற்க முடியாது.

வகுப்பறையில் வாசிக்கும் முறை

நூல் கிடைத்த பின்னும் வேலை முடியாது. தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித்துறை 'வாசிப்பு இயக்கம்' வழியாக நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நிலை பிரித்துச் சிறு நூல்கள் வெளியிட்டிருக்கிறது. அந்த முறையைப் புதுச்சேரி கேட்டுப் பெறலாம். ஆசிரியர்களுக்கு நாங்கள் முன்வைப்பவை சில எளிய நெறிகள். சாதி பற்றிய பகுதியை எந்தத் தலித் பிள்ளையையும் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். 'உன் அனுபவம் என்ன?' என்று அந்தப் பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள். எதிர்ப்பு வரும் பத்தி வரை வாசிக்காமல் மணி அடித்தால் மறுநாள் அங்கிருந்தே தொடங்குங்கள். ஒடுக்கியவர்கள் செய்தது என்ன, உடன் இருந்தவர்கள் செய்யத் தவறியது என்ன என்று வகுப்பு முழுவதையும் கேளுங்கள். அப்போது திரும்பிப் பார்க்கும் கண்கள் ஒரு சிறுமியிடம் போய் நில்லாமல் தம்மையே பார்த்துக்கொள்ளும்.

அந்த மாணவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் வால்மீகியின் பகுதியைத் தமிழில் சொல்லி, தந்தை பேசும் இடம் வரை ஒரு மாலையில் கடந்தோம். "இவ்ளோ இருக்கா? எங்களுக்கு இத நடத்தவே இல்லையே" என்றாள் அவள். அவள் படித்த அந்த நூல் இப்போது வழக்கில் இல்லை. அவளுக்குப் பின் ஏழாம் வகுப்புக்கு வருகிறவர்கள் எந்தத் தந்தையைப் படிக்கப் போகிறார்கள் என்பதை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம். கேள்வியோடு மட்டும் போகாமல், கையில் நூல் பட்டியலோடு போவோம்.